நாற்பது சொல்லுக்குள்

பதினொரு பலகைக்கு நிதி வந்திருந்தது.
பலகைக்கு நாற்பது சொல். அதற்கு மேல் போனால்
எழுத்து சிறுத்துவிடும் என்று
ராமநாதபுரம் பட்டறைக்காரர் செய்யது ஜமாலி
அளவுநாடாவை இழுத்துக் காட்டினார்.
எழுதும் பொறுப்பு என் தலையில்.
பேரூராட்சியில் குடிநீர் வரி ரசீது எழுதுகிறவள் நான்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதாம்.

முதல் மூன்றும் சுலபம்.
விளக்குக் கம்பத்துக்குத் தேதி உண்டு.
தந்தி ஆபீசுக்கு மூன்று சுவர் மிச்சமுண்டு.
புயலுக்கு உயரம் உண்டு: பள்ளிக்கூடச் சுவரில்
தண்ணீர் வந்து நின்ற மட்டத்தை யாரோ
அந்த வாரமே ஆணியால் கீறிவைத்திருந்தார்கள்.
அதன் பக்கத்தில் நாங்கள் ஓர் அம்புக்குறி போட்டோம்,
அவ்வளவுதான் எங்கள் வரலாற்றுப் பணி.

நான்காவது, மேற்குத் தெருக் கிணறு.
இந்த உவர் மண்ணில் நல்ல தண்ணீர்
அது ஒன்றில்தான் ஊறியது.
‘இக்கிணற்று நீரை ஊர் மக்கள் அனைவரும்
பயன்படுத்தி வந்தனர்’ என்று முடித்தேன்.
எண்ணிப் பார்த்தால் முப்பத்தெட்டு. நிம்மதி.
எழுத்துக்கு அச்சுத் தகடு வெட்டுகையில்
ஜமாலி தலை நிமிராமல் கேட்டார்:
அனைவருமா?
செயல் அலுவலர் கையெழுத்துப் போட்டாச்சு, என்றேன்.
மறுபடி வெட்டத் தொடங்கினார்.

ஏழாவதில் சிக்கல் வேறு.
‘இங்கே சுங்கப் படகுத்துறை இருந்தது.’
மற்ற சொல்லெல்லாம் சரி, இங்கே மட்டும் தப்பு.
அந்த இங்கே இப்போது தென்கடலுக்குள்
எழுபதடி தள்ளிக் கிடக்கிறது.
பாசிக்குப் போய்க் கரையேறிய நம்பம்மாள்
விரலில் சுற்றிய துணியைப் பல்லால் அவிழ்த்தபடி சொன்னாள்:
‘படியா? ஒம்போது படி. ஏழாவது ஒடைஞ்சிருக்கு.
காலு கிழிஞ்சா அங்கதான் கிழியும்.
எனக்குத் தெரியுமே, போர்டு எதுக்கு?’
தெரியாதவர்களுக்கு.
‘தெரியாதவுக அங்க எதுக்கு வாராக?’
ஈரம் சொட்டும் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு
பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.
இங்கே என்பதை அடித்து அங்கே என்று எழுதினேன்.
அங்கே என்றால் எங்கே?
கடலைக் காட்டி ஒரு கை வரைந்தார் ஜமாலி.
அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

கச்சான் அடிக்கிற மாதத்தில் திறப்பு விழா.
மைக்கில் பேசியதில் பாதியைக் காற்று கொண்டுபோனது.
கலெக்டர் ஆபீசிலிருந்து வந்தவர்
பலகையைப் படிக்கவில்லை, பலகையோடு நின்றார்.
போட்டோவில் நானும் இருக்கிறேன்,
முந்தானை மட்டும்.
மறுநாளே தந்தி ஆபீஸ் கம்பத்தில் ஆடு கட்டியிருந்தார்கள்.

இருபது நாள் கழித்து
நான்காம் பலகையில் ஒரு சொல் இல்லை.
பல்லுப் போன இடம்போல் அது மட்டும் பளிச்சென்று இருந்தது.
ஆத்திரத்தில் கிறுக்கியது அல்ல.
எழுத்தின் விளிம்பைத் தாண்டாமல், பொறுமையாக
ஆணி நுனியால் சுரண்டியிருந்தார்கள்,
அ, பிறகு னை, பிறகு வ, பிறகு ரு, கடைசியில் ம்.
நீலச் சாயம் போய் உள்ளே தகடு தெரிந்தது.

சேத அறிக்கை கேட்டார்கள்.
போலீசுக்கு ஒரு நகல், கேமரா வைக்க ஒரு மதிப்பீடு.
அந்தக் கிணற்றுக்கு என் அம்மா
குடம் கொண்டுபோயிருக்கிறாள்.
கயிறு கொண்டுபோனதில்லை.
யாராவது வந்து ஊற்றும்வரை
வெயிலில் தள்ளி நிற்பாள்.
முப்பத்தெட்டு சொல்லையும் எழுதியபோது
இது எனக்குத் தெரியும்.

சேதத்தின் காரணம் என்ற கட்டத்தில்
‘கச்சான் காற்றில் மணல் உராய்ந்தது’ என்று எழுதினேன்.
பழுதுபார்க்க வேண்டுமா: தேவையில்லை.
கீழே, வே. முத்திருளாயி, இளநிலை உதவியாளர்.

இப்போது பலகையில் முப்பத்தேழு சொல்.
இன்னும் மூன்றுக்கு இடமிருக்கிறது.